வாய் திறந்த வெண்கலம்

ஃபெனெல்லா அம்மையாரின் தோட்டத்தில் சிற்பங்களைத் தொடலாம். மற்ற இடங்களில் தொடாதே என்று பலகை வைப்பார்கள். இங்கே புல்வெளி நெடுக 'தயவுசெய்து தொட்டுப் பாருங்கள்' என்று வைத்திருந்தார்கள். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அதன்படி நடக்கிற ஜனம் அது. பளிங்கு முயலின் காதைத் தடவினார்கள். குளத்தோரம் நின்ற இரும்புக் கொக்கின் அலகைப் பிடித்து ஆட்டினார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாகத் தொடப்பட்டது ரோஜாப் பாத்திக்கு முன்னால் கல்மேடையில் வைத்திருந்த ஒரு வெண்கலத் தலை. பெண்ணின் தலை. கண்கள் மூடி, வாய் அகலத் திறந்து, கீழுதடு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, நெற்றி பின்னுக்குச் சாய்ந்திருக்கும். 'முதல் மூச்சு' என்று அதற்குப் பெயர். வருகிற ஒவ்வொருவரும் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். கோடை தொடங்கியதிலிருந்து விரல் பட்டுப் பட்டுக் கீழுதடு மட்டும் பொன்னாகப் பளபளத்தது.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரி சற்றுத் தள்ளி, கூடாரத்து மேசையருகே வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ப்ரையனி. சிற்பி லயனல் க்ரீவின் மனைவி. ஒவ்வொரு விரலும் உள்ளே போகும்போது அவள் தன் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"என்ன ஒரு பரவசம் பாரேன்," என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி லேசி, தன் நாயிடம் பேசுகிறாரா மனிதர்களிடம் பேசுகிறாரா என்று தெரியாத குரலில். அந்தத் தலையை அவர்தான் வாங்கியிருந்தார். மேடையின் ஓரத்தில், விற்றாயிற்று என்பதற்கு அடையாளமான சிவப்புப் புள்ளி ஒட்டியாகிவிட்டது. "ப்ரையனி, நீங்கதானே இது? கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. காலத்துக்கும் இருக்கும். என் குளத்துப் பக்கத்துல வைக்கப் போறேன், காலையில காபியோட உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"பாருங்க," என்றாள் ப்ரையனி.

பரவசமாம். அந்த முகம் எப்படி வந்தது என்று அவளுக்கும் லயனலுக்கும் மட்டும்தான் தெரியும். லயனல் களிமண்ணில் பிடித்துச் செய்கிறவன் இல்லை. உயிருள்ள முகத்தின் மேல் நேராக அச்சு எடுக்கிறவன். பல் வைத்தியர்கள் வாய்க்குள் அச்சு எடுக்க வைத்திருப்பார்களே, அதே பசை, வாளிக்கணக்கில். மூச்சுக்கு இரண்டு மூக்குத் துளையிலும் ஒவ்வொரு ஸ்ட்ரா. அசைந்தால் அச்சு கெடும் என்பதால் இரண்டு மணிக்கட்டையும் நாற்காலிக் கைகளில் துணியால் கட்டிவிடுவான். ஏதாவது தொந்தரவு என்றால் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். அன்றைக்குப் பசை இறுகும் தறுவாயில் ஸ்ட்ராக்களின் நுனியைத் தன் கட்டைவிரல்களால் அடைத்தான். அவள் விரலைத் தூக்கினாள். விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாய் தானாகப் பிளந்தது, பசை உள்ளே புகுந்து தொண்டையை அடைத்தது. அவள் சிறுநீர் கழித்த பிறகுதான் விட்டான். "மன்னிச்சுக்கோ செல்லம், உண்மையான முகம் பயத்துலதான் வரும்," என்று அச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவள் தரையில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்ததை அவன் பார்க்கவே இல்லை.

அதற்கு அவனுக்கு விருது கொடுத்தார்கள்.

இத்தனை வருடம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. ஆனால் இப்போது அவன் கண் டாம்சின் மேல் விழுந்திருந்தது. டாம்சின் அவளுடைய முதல் கல்யாணத்து மகள், பத்தொன்பது வயது, லயனல் ஒரு மேதை என்று நம்புகிறவள். இன்று தேநீருக்கு முன்னால், இதே புல்வெளியில், எல்லோரும் பார்க்க, லயனல் அவள் முகத்தை அச்செடுத்துக் காட்டப் போகிறான். இன்று ஒன்றும் செய்யமாட்டான், ப்ரையனிக்குத் தெரியும். சிரிப்பான், எல்லோரும் கைதட்டுவார்கள். திங்கட்கிழமை அவளை இத்தாலியில் இருக்கும் வார்ப்புப் பட்டறைக்குக் கூட்டிப் போகிறான், குளிர்காலம் முடியும்வரை. அங்கே கூட்டம் கிடையாது.

கேக் விற்கிற கூடாரத்துக்குப் பின்னால் மகளைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாம்சின், நான் சொல்றதை ஒரே ஒரு தடவை கேளு. நீ போகக் கூடாது."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"அவன் ஸ்ட்ராவை அடைப்பான். எனக்கு அடைச்சான். அந்தத் தலை அப்படித்தான் வந்துச்சு."

டாம்சின் அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் ப்ரையனிக்கு அதிகமாக வலித்தது.

"அம்மா, இதெல்லாம் சொல்றதுக்கு உனக்கே ஒரு மாதிரி இல்லையா? இத்தனை நாள் நீ ஒருத்திதான் அவருக்கு மாடல். இப்ப என்னைக் கேட்டுட்டாரு. உனக்கு வயசாயிடுச்சுன்னு எரியுது. நேரா சொல்லிடேன்."

"எரியுதா? அடி பைத்தியமே—"

"அவர் அப்படிப்பட்ட ஆளுன்னா இத்தனை வருஷம் ஏன் கூடவே இருந்தே?"

டாம்சின் தோளைக் குலுக்கிவிட்டு, ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருந்த தோழிகளிடம் போய்விட்டாள்.

பசைத்தூள் மூட்டையை எடுக்க ப்ரையனி பூந்தொட்டிகள் வைக்கும் கொட்டகைக்குள் போனாள். மூட்டையைத் தூக்கும்போது கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. லயனல். லினன் கோட்டு, வைக்கோல் தொப்பி, கழுத்தில் பட்டுக் குட்டை. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான், பிறகு அவள் கழுத்தைப் பிடித்துத் தொட்டிகள் அடுக்கியிருந்த பலகையோடு சேர்த்து அழுத்தினான். இரண்டு மண்தொட்டிகள் விழுந்து உடைந்தன.

"புள்ளைகிட்ட என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன்."

"நம்பினாளா?"

அவன் சிரித்தான். அவளுடைய இடது கையின் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தான். ஏற்கெனவே ஒரு தடவை அவன் ஒடித்து, கோணலாகக் கூடிய விரல் அது. அதைப் பின்னுக்கு வளைத்தான். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்த வாயெடுத்தபோது மற்ற கையால் வாயைப் பொத்தினான்.

அப்போது கதவு திறந்து பூப்போட்ட தொப்பியோடு ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். சுவரோடு சாய்ந்த மனைவி, அவள் மேல் குனிந்த கணவன். பெண்மணியின் கன்னம் சிவந்தது.

"ஐயோ, மன்னிக்கணும்! டாய்லெட்னு நெனச்சு வந்துட்டேன். நீங்க பாருங்க, நீங்க பாருங்க!"

"லாயத்துக்குப் பின்னால இருக்குங்க," என்றான் லயனல் மிக மரியாதையாக. "அம்புக்குறி போட்டிருக்கும்."

பெண்மணி நன்றி சொல்லி, கதவைப் பூப்போலச் சாத்திவிட்டுப் போனார். வெளியே அவர் தோழியிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். லயனல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சன்னலில் சரிபார்த்துக்கொண்டான்.

"தூளைக் கட்டியில்லாம கலக்கு. போன தடவை திரிதிரியா இருந்துச்சு."

ப்ரையனி உடைந்த தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பிறகு அச்சு வேலைக்கு வைத்திருந்த பிளாஸ்டர் துணியில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்து, சுண்டுவிரலை மோதிர விரலோடு சேர்த்துக் கட்டினாள். அந்தப் பெண்மணியின் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. கண்ணால் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை. இந்த ஜனத்துக்குச் சொன்னாலும் ஏறாது, பார்த்தாலும் ஏறாது. சண்டை என்று வந்தால் அதை வேறு ஏதோ என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவளுக்கு அவர்கள் வேண்டாம். மகள் ஒருத்தி பார்த்தால் போதும்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக ஃபெனெல்லா அம்மையாரிடம் போனாள். அந்த வீட்டுக்காரி எழுபதைத் தாண்டியும் வேடிக்கை என்றால் குழந்தை மாதிரி குதிப்பவர்.

"ஃபெனெல்லா, ஒரு யோசனை. இத்தனை வருஷமா அடுத்தவங்க முகத்துலயே பூசிக்கிட்டு இருக்கார். இன்னைக்கு அவர் முகத்துல நாம பூசினா எப்படி இருக்கும்?"

"ஐயோ, அற்புதம்!" அம்மையார் கைதட்டி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க! இன்னைக்கு ஒரு மாற்றம்! சிற்பியே சிற்பம் ஆகப் போறார்!"

கூட்டம் ஓ என்றது. லயனல் சிரித்தபடி கையை ஆட்டி மறுத்தான். "இல்லை இல்லை, டாம்சின் தயாரா நிக்கிறா பாருங்க—"

"உக்காருய்யா லயனல்!" என்றார் லேசி. "பயமா?"

"மீசைக்கு ஆபத்துன்னு பாக்குறார்!" என்று யாரோ கத்த, சிரிப்பு புல்வெளி முழுதும் பரவியது.

அந்த நாட்டில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம், குடிகாரன் என்று சொல்லலாம், அவனோடு உட்கார்ந்து சாப்பிடவும் செய்வார்கள். ஆனால் விளையாட்டைத் தாங்காதவன் என்று பேர் வாங்கிவிட்டால் ஒரு வீட்டிலும் கூப்பிடமாட்டார்கள். லயனல் அந்த வீடுகளை நம்பிப் பிழைப்பவன். தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, கனமான தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். கைதட்டல் எழுந்தது.

"லயனல் எப்பவும் சொல்வார், மாடல் அசையக் கூடாதுன்னு," என்றாள் ப்ரையனி எல்லோருக்கும் கேட்கும்படி. "அதனால கட்டணும்."

"கட்டுங்க, கட்டுங்க!"

டாம்சினுக்கு முதலில் ஏமாற்றம். தலைமுடியை வாரிக் கட்டி வெள்ளை அங்கியோடு நின்றவள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையை அவளே கட்டினாள். "இறுக்குறேன் லயனல், அழக் கூடாது!" மறுகையை ப்ரையனி கட்டினாள். அவள் குனிந்தபோது லயனல் உதடு அசையாமல் சொன்னான்.

"வீட்டுக்கு வா. உன் மூஞ்சி இருக்காது."

அவள் அவன் மூக்கில் ஸ்ட்ராக்களைச் செருகி, சுற்றிலும் பசையை வைத்து அடைத்தாள். பிறகு நெற்றி, கண், கன்னம், மூடிய உதடு எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பசையை வழித்துப் பூசினாள். கேக் மேல் க்ரீம் தடவுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு குழந்தை சொல்ல, எல்லோரும் ரசித்தார்கள். கட்டைவிரலை உயர்த்திச் 'சரி' என்று காட்டினான் லயனல். அதற்கும் ஒரு கைதட்டல். பசை இறுகத் தொடங்குவதை ப்ரையனி விரல்நுனியால் தொட்டுத் தெரிந்துகொண்டாள். இத்தனை வருடமாகக் கலக்குகிறவள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கி, இரண்டு ஸ்ட்ராக்களின் நுனியிலும் கட்டைவிரல்களை வைத்து அடைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு லயனலின் ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது.

"டாம்சின்," என்றாள் ப்ரையனி. "பாத்துக்கோ. இந்த விரலை நானும் தூக்கினேன்."

கூட்டம் சிரித்தது. விரல் துடித்தது. நாற்காலி ஆடியது. லயனலின் கால்கள் உதைத்தன, குதிகால் புல்லைப் பிய்த்துக்கொண்டு மண்ணில் இறங்கியது.

"லயனல், என் புல்லு!" என்று ஃபெனெல்லா அம்மையார் கூவினார்.

"நடிப்பைப் பாருங்க! மேடையில ஏத்தியிருக்கலாம் இந்த ஆளை!"

நன்றாகக் கைதட்டினார்கள். பசைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மாடு முக்குகிற மாதிரி. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. ப்ரையனியின் ஒடிந்த விரல் நெருப்பாக எரிந்தது, ஆனால் அவள் கையைத் தளர்த்தவில்லை. அவளுக்குள் பயம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உடம்பே கேட்டது.

அப்போது வெள்ளைப் பசையின் நடுவே ஒரு குழி விழுந்தது. வாய் பிளந்து பசையை உள்ளே இழுத்தது. நெற்றி பின்னுக்குச் சாய்ந்தது. கீழுதடு இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. மேடையருகே நின்ற லேசியின் விரல் இன்னும் வெண்கலத்தின் வாய்க்குள் இருந்தது. அவர் இந்த முகத்தைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தன் விரலை மெதுவாக வெளியே எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

டாம்சின் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவளும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். முகம் வெளுத்து, பத்து வயதுக் குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். ப்ரையனி கைகளை எடுத்தாள்.

எடுத்த வேகத்தில் அச்சையும் பிடித்து உரித்தாள். தொண்டைக்குள் போயிருந்த பசைக்கட்டியும் சேர்ந்து வந்தது. லயனல் நீலம் பாரித்த முகத்தோடு காற்றை இழுத்தான், வாந்தி எடுத்தான், மறுபடி இழுத்தான். பிறகு ஒரு உதறலில் டாம்சின் கட்டிய முடிச்சு அவிழ்ந்தது. மறுகையின் கட்டையும் பிய்த்துக்கொண்டு எழுந்தான். அவன் குத்தியது ப்ரையனியின் வாயில். பல் ஒன்று புல்லில் விழுந்தது. அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ரோஜாப் பாத்தி வரை இழுத்துப் போய், 'முதல் மூச்சு' இருந்த கல்மேடையில் அவள் நெற்றியை மோதினான். ஒரு தடவை. மறுபடி. சிவப்புப் புள்ளிக்குக் கீழே இன்னொரு சிவப்பு வழிந்து இறங்கியது.

"லயனல், போதும்பா, போதும்," என்றார் யாரோ, சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசுகிறவனிடம் சொல்கிற குரலில். ஒருவர் தன் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். பூப்போட்ட தொப்பிக்காரப் பெண்மணி கையால் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு இப்போது கொட்டகை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தேநீர்..." என்று ஆரம்பித்த ஃபெனெல்லா அம்மையார் பாதியிலேயே நிறுத்திவிட்டார். இத்தனை பேர், ஒருவர்கூட ஓரடி முன்னால் வைக்கவில்லை.

வைத்தவள் டாம்சின். புல்வெளி ஓரத்தில் குரோக்கே விளையாட்டுச் சாமான்கள் கிடந்தன. நீளக் கைப்பிடி வைத்த மரச்சுத்தி ஒன்றை எடுத்தாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். அம்மாவின் முடியைப் பிடித்து மேடையில் அழுத்தியிருந்த அந்தக் கையின் மேல், முழுப் பலத்தோடு இறக்கினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. லயனல் ஊளையிட்டுக் கீழே விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. விரல்களைப் புல்லில் விரித்துக் கிடந்த அதே கையில் மறுபடி அடித்தாள். முழங்காலில் அடித்தாள். வெண்கலத் தலையின் மேல் அடித்தாள், அது உருண்டு ரோஜாச் செடிகளுக்குள் விழுந்தது. சுத்தியின் தலை பிளக்கும்வரை அடித்தாள்.

பிறகு புல்வெளியில் லயனல் முனகுவது மட்டும் கேட்டது. லேசி குனிந்து, கல்மேடையிலிருந்து சிவப்புப் புள்ளியை நகத்தால் உரித்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரோ போலீசுக்கு போன் செய்தார்கள். விலாசத்தை மிகத் தெளிவாக, எழுத்துக் கூட்டிச் சொன்னார்கள்.

டாம்சின் அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். வெள்ளை அங்கியின் கையால் அவள் நெற்றி ரத்தத்தை ஒற்றினாள்.

"அம்மா... ஏன் கையை எடுத்தே?"

ப்ரையனி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "உன் முகத்தைப் பாத்தேன். உனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல அடைச்சிருந்தா அது உனக்காக இல்ல."

டாம்சின் புல்லில் சுருண்டு கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானா இருந்தா எடுத்திருக்க மாட்டேன்," என்றாள்.

ப்ரையனிக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மகளின் மற்ற கை இன்னும் சுத்திப் பிடியை விடவில்லை, மூட்டுகள் வெளுத்திருந்தன. ஒடிந்த விரலோடு அவள் அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.